3-ஆ, 8-ஆ? பழைய வெள்ளி ரூபாய்களில் ஆண்டைச் சரியாகப் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரோவிலும் பூஜையறை டப்பாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் ராணி தலை, ராஜா தலை ரூபாய்களை எடுத்துப் பார்த்தால், நான்கு இலக்கங்களில் மூன்று பளிச்சென்று தெரியும். விலையைத் தீர்மானிக்கிற அந்த ஒன்றுதான் மழுங்கிப்போயிருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்களை மையமாக வைத்து, அவற்றோடு ஒரே டப்பாவில் கிடைக்கும் வேறு சில காசுகளையும் சேர்த்து, சேகரிப்பாளர்களும் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

ஆண்டு சரியாகத் தெரியவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆண்டைப் பார்க்காதீர்கள். காசைத் திருப்பித் தலையைப் பாருங்கள். இலக்கத்தோடு மல்லுக்கட்டுவது கடைசி வேலை. காசின் மற்ற பகுதிகளே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

கிரீடமில்லாத ஆண் தலையும், பின்புறம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்ற பெயரும் இருந்தால் அது நான்காம் வில்லியம். ஆண்டு 1835 மட்டுமே. கிரீடமில்லாத இளம் விக்டோரியாவும் கம்பெனி பெயரும் என்றால் 1840 மட்டுமே. கிரீடம் சூடிய விக்டோரியாவின் பக்கத்தில் 'குயின்' என்று எழுதியிருந்தால் 1862, 1874, 1875, 1876 ஆகிய நான்கில் ஒன்று. அதே ராணிக்குப் பக்கத்தில் 'எம்பரஸ்' என்றிருந்தால் 1877 முதல் 1901 வரை. தாடி வைத்த, கிரீடமில்லாத தலை ஏழாம் எட்வர்ட்: 1903 முதல் 1910 வரை. கிரீடமும் தாடியும் வேலைப்பாடு மிகுந்த அங்கியும் கொண்டவர் ஐந்தாம் ஜார்ஜ்: புழக்கத்துக்கு வந்த ரூபாய்கள் 1911 முதல் 1922 வரை. கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ்: வெள்ளியில் 1938 முதல் 1945 வரை.

இந்தப் பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டால் 1910-க்கும் 1919-க்கும் இடையே குழம்பவே வழியில்லை. ஒன்றில் எட்வர்ட், மற்றொன்றில் ஜார்ஜ். 1901-ஆ 1907-ஆ என்ற கேள்வியும் அப்படித்தான்: ராணியா ராஜாவா என்று பார்த்தாலே முடிந்தது.

என்னிடம் இருப்பது 1862-ஆ, 1882-ஆ? மூன்றாவது இலக்கம் தேய்ந்திருக்கிறது.

மேலே சொன்னதை வைத்து நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். 1862 என்றால் 'குயின்', 1882 என்றால் 'எம்பரஸ்'. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதையொட்டிக் காசிலும் பட்டம் மாறியது. 1876-ஐயும் 1878-ஐயும் பிரிப்பதற்கும் இதே வழிதான். எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. சொல்லின் முதல் எழுத்து வட்டமாக இருக்கிறதா, செங்குத்தான கோட்டோடு தொடங்குகிறதா என்று தெரிந்தால் போதும்.

1862 ரூபாய் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறதே? ஒரே ஆண்டில் இத்தனையா அடித்தார்கள்?

இல்லை. வெள்ளி ரூபாய் விஷயத்தில் இதைவிடச் சுவையான பகுதி கிடையாது.

கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தது. ஆனாலும் கம்பெனி பெயர் போட்ட ரூபாய் 1862 வரை வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு புதிய அச்சு தயாரானது. அதில் 1862 என்று பொறித்தவர்கள், 1874-இல் ஆண்டுதோறும் மாறும் எண்ணுக்கு வரும்வரை, அதே 1862-ஐத்தான் அடித்துத் தள்ளினார்கள். ஆகவே உங்கள் கையில் உள்ள 1862 ரூபாய் 1865-இல் பிறந்ததாகவும் இருக்கலாம், 1871-இல் பிறந்ததாகவும் இருக்கலாம். கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று நாணய ஆலைகளிலும் இது அடிக்கப்பட்டது. 1869-இல் மூடப்பட்ட அந்தச் சென்னை ஆலையைத் தங்கசாலைத் தெருவின் பெயர் இன்றும் நினைவுபடுத்துகிறது.

உண்மையான ஆண்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், பம்பாய்க் காசுகளில் உண்டு. அந்த ஆலைக்காரர்கள் ஆண்டு எண்ணை மாற்றாமல், பின்புறத்தில் சிறுசிறு புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1862 என்ற எண்ணுக்குக் கீழேயும், மேற்பக்கப் பூவேலைப்பாட்டை ஒட்டியும் அந்தப் புள்ளிகளைத் தேட வேண்டும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிக் குறிப்பதுதான் சேகரிப்பாளர் வழக்கம். அந்தக் கணக்கை வைத்து வகைகளைப் பிரிக்கிறார்கள். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அழுக்குத் துணுக்கும் அச்சுத் தேய்மானத்தால் வந்த மேடும் புள்ளியாகத் தோன்றி ஏமாற்றும். அசல் புள்ளி உருண்டையாக, சுற்றிலும் தெளிவான எல்லையோடு நிற்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் சீரான இடைவெளியோடு இருக்கும்.

இரண்டு 1862 ரூபாய்கள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தும் ஒன்று வெள்ளி விலைக்கும் மற்றொன்று அதைப்போலப் பல மடங்குக்கும் போவது இந்தப் புள்ளிகளால்தான். வாங்குபவர் அறிந்து, விற்பவர் அறியாமல் இருக்கும் வியாபாரம் இதில் நிறைய நடக்கிறது.

1840 ரூபாயிலும் இப்படி வகைகள் உண்டா?

உண்டு. முன்பக்கத்தில் 'விக்டோரியா குயின்' என்பது தலைக்கு மேலாக ஒரே தொடராக ஓடினால் முந்திய வகை. 'விக்டோரியா' ஒரு பக்கமும் 'குயின்' மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றால் பிந்திய வகை. பிந்தியதும் 1840 என்ற ஆண்டையே சுமந்துகொண்டு பல ஆண்டுகள் அடிக்கப்பட்டது. இதற்குள்ளும் நுணுக்கம் வேண்டுமென்றால், பின்புற மாலையில் இருக்கும் சிறு பழங்களை எண்ண வேண்டும்: 19, 20, 28, 34, 35 என்று வகைகள் பிரியும். பொறுமைசாலிகளுக்கான வேலை.

யாராவது 1841 அல்லது 1845 என்று சொல்லிப் புழக்கத்து வெள்ளி ரூபாய் ஒன்றை நீட்டினால், 0 சிதைந்திருக்கிறது என்றோ யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, தலையும் பட்டமும் உதவாத இடத்தில் 3-ஐயும் 8-ஐயும் எப்படிப் பிரிப்பது?

1883–1888, 1903–1908, 1913–1918 ஆகிய ஜோடிகளில் இந்தச் சிக்கல் வரும். தேய்மானம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும். காசு தேயும்போது மேடாக நிற்கும் இலக்கத்தின் முகடுதான் முதலில் போகும். காசோடு ஒட்டிய அடிப்பகுதி அகலமாகப் பரவிக்கொண்டு கடைசிவரை நிற்கும். அதனால் 8-இன் இடப்பக்கம் தேய்ந்து 3 ஆகிவிடுவது எளிதல்ல. மாறாக, 3-இன் இடப்பக்க இடைவெளியில் அழுக்கு இறுகி அது 8-ஆகத் தோன்றுவது மிகச் சாதாரணம். எனவே சந்தேகம் வந்தால் '8-ஆகத் தெரியும் 3' என்ற கோணத்தில் முதலில் பாருங்கள். இடப்பக்கத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு வெட்டு, வெற்றுப்பரப்பின் மட்டம்வரை இறங்கித் தெரிந்தால் அது 3. 8 என்றால் இடுப்பில் கோடுகள் குறுக்காகச் சந்திக்கும். அந்தச் சந்திப்புதான் இலக்கத்திலேயே தடித்த இடம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அச்சின் குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்திருந்தால், அடிக்கும்போதே இலக்கத்தின் ஒரு பகுதி விழாமல் போகும். அப்போது பக்கத்து எழுத்துகளும் மங்கலாக இருக்கும். இலக்கம் மட்டும் குறைபட்டு, சுற்றியிருப்பது கூர்மையாக இருந்தால் வேறு விதமாகச் சந்தேகப்பட வேண்டும். அது கீழே வருகிறது.

6-க்கும் 8-க்கும் மேல் வலப்பக்கம் சாட்சி. 6-இன் வால் அங்கே திறந்தே நிற்கும். 5-க்கும் 6-க்கும் உச்சியில் உள்ள படுக்கைக்கோடு சாட்சி. 1-க்கும் 7-க்கும் அடிப்பகுதியைப் பாருங்கள்: 1-இன் தண்டு நேராக இறங்கும், 7-இன் தண்டு சாய்ந்து இறங்கும். மேற்கோடு தேய்ந்தாலும் இந்தச் சாய்வு தேயாது.

1911-ஆ 1917-ஆ என்பதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

1911 ரூபாயில் யானை பன்றியாகிவிட்டதுதான் காரணம்.

ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் அங்கியில், பதக்கச் சங்கிலியை ஒட்டி ஒரு யானை உருவம் உண்டு. முதல் ஆண்டு அச்சில் அந்த யானைக்குத் தும்பிக்கை கட்டையாகவும் கால்கள் குட்டையாகவும் அமைந்துவிட்டன. பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களின் மனம் புண்படும் என்று எதிர்ப்பு கிளம்பவே, அரசாங்கம் அவசர அவசரமாக வெளியீட்டை நிறுத்தியது. அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது சுமார் 7 லட்சம்; மிச்சமெல்லாம் உருக்கப்பட்டது. 1912 முதல் நீண்ட தும்பிக்கையோடும் தெளிவான காதோடும் முறையான யானை வந்தது.

ஆகவே 1911 என்று தெரிகிற ரூபாயில் ஆண்டைப் பார்த்துப் பரவசப்படாமல் யானையைப் பாருங்கள். தும்பிக்கை வளைந்து கீழே நீண்டிருந்தால், ஆண்டு என்ன சொன்னாலும் அது 1911 அல்ல. மேற்கோடு தேய்ந்த 1917-ஆக இருக்கலாம். அல்லது 1914, 1917-இன் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1 ஆக்கியிருப்பார்கள். இலக்கத்தைத் திருத்துகிறவன் பின்பக்கத்தில்தான் கைவைக்க முடியும். முன்பக்க யானையை மாற்றி வரைய அவனால் ஆகாது. 1921-ஐ 1911 என்றோ, 1911-ஐ 1921 என்றோ விற்க முயன்றாலும் இதே யானை காட்டிக்கொடுக்கும்.

சிக்கல் எங்கே என்றால், அங்கிப் பகுதி காசின் மேடான இடம்; நன்றாகத் தேய்ந்த காசில் யானையும் மழுங்கியிருக்கும். அப்போதும் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் தும்பிக்கையின் நீளமாவது பெரும்பாலும் நிழலாகத் தெரியும்.

1913, 1918, 1919 எல்லாவற்றையும் இப்படி ஆராய வேண்டுமா?

வேண்டாம். சேகரிப்பில் எல்லா ஆண்டையும் வரிசையாக வைப்பவருக்கு மட்டும்தான் அது அவசியம். 1916 முதல் 1920 வரையிலான ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. முதல் உலகப் போர்க்காலத்தில் வெள்ளித் தேவை ஏறிப்போய், அமெரிக்கா 1918-இல் பிட்மேன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து தன் வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேல் உருக்கியது. அந்த வெள்ளியின் மிகப் பெரும் பகுதி இந்தியாவுக்காகவே வாங்கப்பட்டது. உங்கள் பாட்டியின் 1919 ரூபாய்க்குள் அமெரிக்க டாலர் கரைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் ஜார்ஜில் கவனம் செலுத்த வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று மேலே சொன்ன 1911. இரண்டாவது 1915: அது குறைவாக அடிக்கப்பட்டது, பக்கத்திலுள்ள 1916 மிக அதிகம், எனவே 5-ஆ 6-ஆ என்பது இங்கே பணம். மூன்றாவது 1921, 1922. இவை பம்பாயில் மட்டும் அடிக்கப்பட்டவை, அரிதானவை. பம்பாய்க்கு அடையாளம் பின்புறத் தாமரைக்குக் கீழே ஒரு சிறு மேட்டுப்புள்ளி. கல்கத்தாக் காசில் அது இருக்காது. 1922 என்று தெரிகிற காசில் அந்தப் புள்ளி இல்லையென்றால், 1912-ஆக இருக்குமோ என்று மறுபடி பாருங்கள்.

விக்டோரியாக் காலத்தில் எச்சரிக்கை தேவைப்படுவது 1893-க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு. அந்த ஆண்டு ஜூன் மாதம், வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தை அரசாங்கம் நிறுத்தியது. அதனால் 1894 போன்ற ஆண்டுகள் குறைவு. 1900, 1901 மறுபடி ஏராளம்.

1939 ரூபாயில் போலி அதிகம் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 ரூபாய்கள்தான் பழைய முறைப்படி 100-க்கு 91.7 பங்கு வெள்ளி கொண்ட கடைசி ரூபாய்கள். இவற்றில் 1939 மிக அரிது. 1938 கிடைக்கக்கூடியது. 8-இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் 9 ஆகிவிடுகிறதே என்று சிலருக்குக் கை பரபரக்கிறது.

இந்த மோசடியைப் பிடிக்கத் தேவையான சாட்சி அதே காசில் இருக்கிறது: 1939-இல் இரண்டு 9-கள் உள்ளன. லென்ஸை வைத்து இரண்டாவது இலக்கத்தையும் நான்காவது இலக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். மேல் வளையத்தின் அகலம், வால் கிளம்பும் இடம், வால் முடியும் விதம், தடிமன் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 8-இலிருந்து பிறந்த 9-இன் மேல் வளையம் சிறுத்தும், கீழ்ப்பகுதி குண்டாகவும் இருக்கும். பக்கத்தில் அசல் 9 நிற்கும்போது இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது. 1911-இல் மூன்று 1-கள், 1922-இல் இரண்டு 2-கள் என்று இதே சோதனையை மற்ற இடங்களிலும் செய்யலாம்.

அடுத்து, இலக்கத்தைச் சுற்றியுள்ள வெற்றுப்பரப்பு. நூறு வருடம் கை பட்ட காசில் நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். திருத்திய இடத்தில் அவை ஒரே திசையில் ஓடும், அல்லது அந்த இடம் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும், அல்லது லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். நிறத்தையும் பாருங்கள். காசு முழுவதும் பழைய கருமை படர்ந்து, கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுரண்டாமல், வேறொரு காசிலிருந்து இலக்கத்தைப் பெயர்த்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அப்படியானால் இலக்கத்தின் அடியில் மயிரிழை போன்ற கோடு தெரியும். பற்றவைத்த தடம் சில நேரம் மங்கலாக வெளியே வழிந்திருக்கும்.

எதையும் தொடாமல் முழுக் காசையும் புதிதாக அடிக்கும் போலிகளிடம் இந்தச் சோதனைகள் பலிக்காது. அங்கே எடைதான் பேசும்.

எடையை வைத்து ஆண்டைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். 1835 முதல் 1945 வரை எல்லா வெள்ளி ரூபாயும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெறும் எடை ஆண்டைக் காட்டாது. ஆனால் உலோகக் கலவை காட்டும். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது: 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கு. ஒரே எடை, வேறு அடர்த்தி.

நூறில் ஒரு பங்கு கிராம்வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் பழைய வெள்ளிக்கு 1.13-ஐ ஒட்டி வரும். 1940-க்குப் பிந்திய கலவைக்கு 1.22-ஐ ஒட்டி வரும். 1.30-ஐத் தாண்டினால் உங்கள் கையில் இருப்பது வெள்ளி ரூபாயே இல்லை என்று கொள்ளலாம். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு பிசகும். நூலை லேசாக ஆட்டி உதிர்த்துவிடுங்கள். 1938-ஆ 1943-ஆ என்று தடுமாறும் காசுக்கு இது ஐந்து நிமிட வேலை.

1947 ராஜா தலை ரூபாய் வெள்ளியா?

இல்லை, நிக்கல். பின்புறம் புலி இருக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும்.

இலக்கம் தெரிய வேண்டும் என்று காசைத் தேய்த்துக் கழுவலாமா?

கூடாது. விபூதி போட்டுத் தேய்ப்பது குத்துவிளக்குப் பக்கத்து வெள்ளிக் கிண்ணத்துக்குச் சரி. காசுக்கு அது உப்புக்காகிதம். புளி, எலுமிச்சை, பல்பொடி எல்லாமே மேல்தோலைத் தின்றுவிடும். பளபளப்பு வரும், விலை போகும்.

ஆனால் பூஜையில் இருந்த காசுகளில் குங்குமமும் சந்தனமும் இலக்கங்களின் குழிகளில் இறுகிப்போயிருக்கும்; 3 எல்லாம் 8 ஆவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மூங்கில் பல்குச்சியின் முனையை நனைத்து மெதுவாக நெருடினால் போதும். ஊசி, குண்டூசி, பிளேடு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

வீட்டிலேயே தெளிவாகப் பார்க்க எளிய வழி?

இருட்டறை, செல்போன் டார்ச். வெளிச்சத்தை மேலிருந்து பாய்ச்சாமல், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். மழுங்கிய இலக்கத்தின் மீதி மேடு நிழல் விழுந்து எழுந்து நிற்கும். காசை அசைக்காமல் வெளிச்சத்தை மட்டும் சுற்றிக் கொண்டுபோனால், ஒரு திசையில் 1-ஆகத் தெரிந்தது மற்றொரு திசையில் மேற்கோட்டைக் காட்டும். நான்கு திசையிலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் தெளிவு கூடும். யாரிடமாவது கருத்துக் கேட்பதென்றாலும் இந்த நான்கு படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஐதராபாத் நிஜாம் ரூபாயில் ஆண்டு எப்படிப் படிப்பது?

சார்மினார் படம் போட்ட ரூபாய் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 1321-இல், அதாவது 1903-இல் வந்தது. இலக்கங்கள் பாரசீக முறையில் இருக்கும். அவற்றில் 7 என்பது ஆங்கில 'வி' எழுத்துப் போலவும், 8 என்பது அதைக் கவிழ்த்தது போலவும் இருக்கும். காசைத் தலைகீழாகப் பிடித்தால் 7 எட்டாகும், 8 ஏழாகும். எனவே முதலில் சார்மினாரை நிமிர்த்திப் பிடியுங்கள். 2-க்கு மேலே ஒரு வளைவு, 3-க்கு இரண்டு வளைவு. தேய்ந்த காசில் தகராறு செய்வது இந்த ஜோடிதான். பூஜ்யம் வெறும் புள்ளி. வட்டமாகத் தெரிவது 5. அதைப் பூஜ்யம் என்று படித்துவிடாதீர்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம் 92. தனியாக நிற்கும் அந்த எண்ணை ஆண்டின் பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆண்டே அல்ல. 'முகம்மது' என்ற பெயரின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் வருவது. காசில் நிஜாமின் ஆட்சியாண்டும் தனியாக இருக்கும். ஹிஜ்ரி ஆண்டில் சந்தேகம் வந்தால் ஆட்சியாண்டோடு ஒத்துப்பாருங்கள். சார்மினார் வாயிலுக்குள் இருக்கும் ஒற்றை எழுத்தும் உதவும்: மகபூப் அலி கானுக்கு 'மீம்', 1911-இல் பட்டத்துக்கு வந்த உஸ்மான் அலி கானுக்கு 'ஐன்'.

ஹிஜ்ரியை மாற்ற, அந்த எண்ணை 33-ஆல் வகுத்து வருவதை அதிலிருந்தே கழித்து, 622-ஐக் கூட்டுங்கள். 1343 என்றால் 1924-ஐ ஒட்டி வரும்.

எங்கள் வீட்டு ஆற்காடு ரூபாயில் எல்லாமே 1172 என்றே இருக்கிறதாமே?

சரிதான். சென்னையில் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், அவருடைய ஆறாம் ஆட்சியாண்டும், ஹிஜ்ரி 1172-உம் நிலையாகப் பொறிக்கப்பட்டன. 1172 என்பது 1758–59. அந்த முகலாயப் பேரரசர் 1759-இல் கொல்லப்பட்ட பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அவர் பெயரிலேயே காசு விழுந்தது. எனவே இங்கே ஆண்டு எண் எதையும் சொல்லாது. அடித்த விதம்தான் சொல்லும்: ஒழுங்கற்ற விளிம்போடு தடித்திருந்தால் சம்மட்டியால் அடித்த பழையது, சீரான வட்டமும் ஒழுங்கான விளிம்பும் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்தது. பிறைக்குறி இருந்தால் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது என்று கொண்டு தேடத் தொடங்கலாம்.

பினாங்கிலிருந்து தாத்தா கொண்டுவந்த எட்வர்ட் டாலர் 1903-ஆ 1908-ஆ?

அளவுகோலை எடுங்கள். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் காலனி) டாலர் 1903, 1904-இல் 37 மில்லிமீட்டர் அகலமும் 26.95 கிராம் எடையுமாக வந்தது. வெள்ளி விலை ஏறியதால் 1907 முதல் அதைச் சுருக்கி, சுமார் 20.2 கிராமாக்கிவிட்டார்கள். 3-உம் 8-உம் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தராசில் ஒன்றல்ல.

1616, 1717, 1818 என்ற ஆண்டுகளோடு ராமர் பட்டாபிஷேகம் உள்ள கம்பெனிக் காசு லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

போகாது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. கோயில் வாசலில் விற்ற நினைவு வில்லைகளைத்தான் இன்று அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்றெல்லாம் கதை கட்டி விற்கிறார்கள். முன்பணம் கேட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

எல்லாம் செய்தும் கடைசி இலக்கம் தெரியவே இல்லை. என்ன செய்வது?

தெரிந்ததை மட்டும் எழுதிவையுங்கள். காகித உறையில் 'ஐந்தாம் ஜார்ஜ், 191?, பம்பாய், யானை சரியானது, 11.4 கிராம்' என்று குறித்தால் அதுவே நேர்மையான பதிவு. 1911 அல்ல என்பதாவது அதில் உறுதியாகிறது. விற்பதாக இருந்தால் அத்தகைய காசு வெள்ளி விலைக்குத்தான் போகும். 1939 வரையிலான ரூபாயில், தேயாத நிலையில், சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி உண்டு. 1940-க்குப் பிந்தியதில் 5.8 கிராம்தான். அடகுக்கடையில் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு ஒரே விலை சொன்னால், பிரித்து நிறுக்கச் சொல்லுங்கள்.